இரண்டாவது ஆள்

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோகிறார். வலது பாதியில் பழைய புத்தகத்தின் ஒரு பக்கம் படமாகத் தெரிகிறது. இடது பாதியில் அதே பக்கம், கணினி தானாகப் படித்து எழுத்தாக்கியது. அச்சில் ‘காரணம்’ என்று இருப்பது இங்கே ‘கரரணம்’ ஆகிக் கிடக்கிறது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இயந்திரம் தடுமாறியிருக்கிறது. டீச்சர் ஒற்றை விரலால் அந்த எழுத்தை அழித்து, காலைப் போட்டு, அடுத்த வரிக்கு நகர்கிறார். விடைத்தாள் திருத்தியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் அதன் வேகம் குறையவில்லை.

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம், சனிக்கிழமை காலை. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குப் புதிய ஆட்களைப் பழக்கும் பயிலரங்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரவேற்புரை இல்லை, பொன்னாடை இல்லை. வந்தவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு பக்க எண்ணைச் சொல்லி உட்கார வைத்துவிட்டார் பயிற்சியாளர்.

தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக விக்கிமூலத்துக்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். வந்தவை எல்லாம் வெறும் படங்கள். படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு பத்தியை எடுத்துக் கையாள முடியாது. எழுத்துணரி மென்பொருள் அவற்றைப் படித்துக் கொடுத்தது, ஆனால் பிழைகளோடு கொடுத்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சென்றால் சிரமம் இன்னும் அதிகம். கொம்பு வைத்த பழைய ‘லை’யும், சுழித்த பழைய ‘றா’வும் வரும் இடங்களில் இயந்திரம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு மனிதக் கண்தான் வேண்டும்.

டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு மாணவர். கை பறக்கிறது. அவர் பக்கத்தை எட்டிப் பார்த்த டீச்சர் திரையில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுகிறார்.

“தம்பி, இங்க ‘பயணம்’னு இருக்கு. புத்தகத்துல ‘பிரயாணம்’னுல்ல போட்டிருக்கு?”

“நான்தான் மாத்தினேன் டீச்சர். இப்ப அப்படித்தானே எழுதுறோம்?”

“நாம எப்படி எழுதுறோம்ங்கிறது இருக்கட்டும். அவர் எப்படி எழுதினாருன்னுதானே நாளைக்கு ஒருத்தன் தேடி வருவான்?”

மாணவர் மறுபேச்சில்லாமல் பழைய சொல்லைத் திரும்ப வைக்கிறார். பிறகு மேலிருந்து ஒருமுறை, படத்தோடு ஒப்பிட்டு, நிதானமாக வாசிக்கத் தொடங்குகிறார். அவர் கை வேகம் குறைந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தேடி வரப்போகிற யாரோ ஒருவரை மனத்தில் வைத்துச் செய்கிற வேலைக்கு அந்த நிதானம் தேவை.

விக்கிமூலத்தில் பக்கங்களுக்கு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் வந்து சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்கிவிட முடியாது, மென்பொருளே விடாது. எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் தான் பார்த்த பக்கத்துக்கு இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பயிற்சியாளர் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். என் மனம் அதிலேயே நின்றுவிட்டது.

விக்கிமூலத்தின் உடன்பிறப்பான தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியபோது அந்த இரண்டாவது ஆள் எங்கே இருந்தார்? ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்த இலங்கைக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கினார், கட்டுரைகளை ஒவ்வொன்றாக எழுதினார். வாசகர் கூட்டம் சேரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் இருக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குப் படிக்க ஏதோ இருந்தது. படித்தவர்களில் சிலருக்குத் திருத்தவும் சேர்க்கவும் தோன்றியது. அவர் எழுதியவை மட்டும் ஆயிரக்கணக்கில். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஜன்னலோரம் ஒரு மாணவர் காதொலிப்பானோடு உட்கார்ந்திருக்கிறார். பார்வையற்றவர். அவருடைய கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஓடுகிறது. படமாக இருந்தவரை இந்தப் புத்தகங்கள் அவருக்கு ஊமைதான். டீச்சர் முடித்து மஞ்சளாக்கிய பக்கத்தைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, அதே வரியைத் திரும்ப ஓடவிடுகிறார்.

“டீச்சர், மூணாவது பத்தி. ‘பாடம்’னு வரவேண்டிய இடத்துல ‘பரடம்’னு கேக்குது.”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடுகிறார். இருக்கிறது. கண்ணுக்குக் காலாகவே தெரிந்த ரகரம் காதில் சிக்கிக்கொண்டது.

“அட, ஆமா! நல்லாப் பிடிச்சப்பா. இன்னும் ரெண்டு பக்கம் முடிச்சிருக்கேன், அதையும் கேட்டுச் சொல்லு.”

அந்த மாணவர் முகத்தில் கூச்சம் கலந்த சிரிப்பு. உதவி கேட்டு வந்த இடத்தில் உதவி செய்கிறவராக உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் திருத்திச் சேமித்ததும், ‘பிரயாணம்’ மாணவர் அந்தப் பக்கத்தைப் படத்தோடு வரி வரியாக ஒப்பிடுகிறார். பச்சையாகிறது. ஒரே பக்கத்துக்கு மூன்று பேர் உழைத்துவிட்டார்கள். காலையில் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. மதியத்தில் புத்தகத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அழைப்பு அனுப்பி நூற்றுக்கணக்கில் ஆள் சேர்த்து, காலை வணக்கப் படங்களோடு ஓய்ந்துபோன குழுக்கள் நம் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. அங்கே போனவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, செய்யவும் ஒன்றும் இல்லை. இந்த அறையில் இரண்டும் இருந்தன. முகம் தெரியாத ஒருவருக்குப் பயன்படும்படி ஒரு பக்கத்தை உண்மையாகச் செய்து வைப்பது முதல் ஆளின் கடமை. அதில் அடுத்தவர் கை வைக்க இடம் விடுவதும், அவர் பிழை காட்டினால் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வதும் அதே கடமையின் மறுபாதி. டீச்சர் அந்த இரண்டையும் செய்தார். இப்படி ஒருவர் இருக்கிற இடத்துக்கு ஆள் வரும், வந்த ஆள் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.