நிறம் பூசிய லயம்

மாணவர் பரிமாற்றப் பயணத்தில் கிளிநொச்சியிலிருந்து றொசல்லவுக்குப் போனோம். அட்டனுக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டப் பகுதி. லயத்தில் ஒரு காம்பரா நீலம், அடுத்தது ரோசா, அதற்கடுத்தது பச்சை. ஆசையாகப் படம் எடுத்தேன்.

"தீபாவளிக்கு நாங்களே அடிச்சது" என்றார் ஓர் அம்மா. உள்ளே ஒரே அறையில் ஆறு பேர். கூரைத் தகரம் ஒழுகியது. அர்ஜென்டினாவின் லா போக்காவிலும் ஏழைத் தொழிலாளர்கள் கப்பலுக்குப் பூசி மிஞ்சிய வர்ணத்தைத்தான் தகர வீடுகளுக்குப் பூசினார்களாம்.

"1977 கலவரத்தோட எங்கட அம்மாயி தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவ" என்றேன்.

"அப்ப நீ நம்ம புள்ளதானே!" தேத்தண்ணி தந்தார்.

வீடு திரும்பி அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். 2009இல் முகாமில், ஒழுகும் கூடாரத்தில் என்னை மடியில் வைத்திருந்தவர். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கூரை ஒழுகுதோ பிள்ளை?" என்றுதான் கேட்டார்.