சீட்டில் வந்த வெற்றி

திருவிழாக் கொடி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே நம் பங்குகளில் இளைஞர்கள் கோயில் மைதானத்தைச் செதுக்கிச் சமன் செய்யத் தொடங்கிவிடுவார்கள். மூங்கில் நடுவதும், வலை கட்டுவதும், சுண்ணாம்புக் கோடு போடுவதுமாக ஊரே கலகலப்பாகிவிடும். கைப்பந்துப் போட்டி இல்லாத திருவிழா தென்மாவட்டத்துக்காரர்களாகிய எங்களுக்கு உப்பில்லாப் பண்டம்தான். இந்தப் போட்டிகளை முன்னின்று நடத்தும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் நின்று நன்கொடை தரும் பெரியவர்களுக்கும் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணியிருந்தேன். அனுபவம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். உண்மையில் அது நான் செய்த ஒரு தவறு.

1986-ஆம் ஆண்டு மே மாதம். நான் அப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியன். பங்கு இளைஞர் மன்றத்தின் செயலாளனும்கூட. 16 அணிகளை எதிர்பார்த்து, நுழைவுக் கட்டணம் 25 ரூபாய் என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். கட்டணம் கட்டியவர்களோ 22 அணியினர். யாரையும் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கூட்டம் கூடினால் திருவிழாவுக்கு அழகு என்று நினைத்தோம். ஆறு அணிகளின் கட்டணம் கூடுதலாக வருகிறதே என்ற நினைப்பும் இருந்தது, அதை மறைப்பானேன்?

தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் முறையில், எத்தனை அணிகள் வந்தாலும் அதில் ஒன்றைக் கழித்தால் அதுவே ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஓர் அணி மிஞ்ச வேண்டும். ஆகவே 22 அணிகளுக்கு 21 ஆட்டங்கள். ஆட்டத்திற்கு அரை மணி என்று வைத்தால் பத்தரை மணி நேரம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்குப் பரிசளிப்பு. நோட்டுப் புத்தகத்தில் கணக்கு மிக அழகாகவே இருந்தது.

அந்தக் காலத்துக் கைப்பந்து விதியை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அப்போது சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி பெற முடியும். எதிரணி பந்தை வென்றால் சர்வீஸ் கைமாறுமே தவிர, புள்ளி ஏறாது. 15 புள்ளிகளுக்கு ஒரு செட். இரண்டு நல்ல அணிகள் மோதினால் சர்வீஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்து கொண்டிருக்கும். பலகையில் எண் மட்டும் அசையாது. பத்து நிமிடத்தில் முடியும் செட்டும் உண்டு, முக்கால் மணி இழுக்கும் செட்டும் உண்டு. இதைச் சிறுவயது முதல் ஆடி அறிந்தவன்தான் நான். அறிந்திருந்தும் ஆட்டத்திற்கு அரை மணி என்று எழுதினேன். 21 ஆட்டங்கள் ஒரே நாளில் முடிய வேண்டுமென்றால் அப்படித்தானே எழுத வேண்டும்!

இன்னொன்றும் எழுதினேன். 22 அணிகளை அடுத்த சுற்றில் 16 ஆக்க வேண்டுமானால், 12 அணிகள் முதல் சுற்றில் ஆட வேண்டும். மீதிப் பத்து அணிகள் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். ‘பை’ என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பத்து அணிகள் எவை என்பதைச் சபையில் சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்க வேண்டும். நான் முந்தின இரவு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முடிவு செய்தேன். எங்கள் பங்கு அணி முதலில் வந்தது. பிறகு பேர்பெற்ற அணிகள், நன்கொடையாளர்களுக்கு வேண்டிய அணிகள். ஆள் தெரியாத அணிகளெல்லாம் முதல் சுற்றில் ஆடட்டும் என்று விட்டேன்.

அப்படி ஆள் தெரியாத அணிகளில் ஒன்று, கடற்கரையோரம் உப்பளங்களில் வேலை செய்யும் இளைஞர்களின் அணி. உப்பள வேலை விடியுமுன்பே தொடங்குவது. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. எட்டுப் பேரும் ஒரு நாள் கூலியை விட்டு, முதல் பேருந்தைப் பிடித்து, காலை ஆறரைக்கே மைதானத்து வேப்பமரத்தடியில் வந்து அமர்ந்துவிட்டார்கள். தொடக்கி வைக்க வேண்டிய பெரியவர் வந்து சேர்ந்தபோது மணி எட்டேமுக்கால். முதல் ஆட்டம் மட்டும் ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. உப்பளத்தார் முதல் ஆட்டத்திற்கு இறங்கியபோது உச்சிவெயில். அதில் வென்றார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டாம் ஆட்டம், அதிலும் வென்றார்கள். காலிறுதியில் அவர்களுக்கு எதிரே நின்றது எங்கள் பங்கு அணி, அன்று அதுவரை ஒரே ஆட்டம் ஆடி, இடையில் வீட்டில் போய்ச் சாப்பிட்டு உறங்கியும் வந்திருந்த அணி.

அவர்கள் ஆடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர்களில் உயரமானவர் ஒருவருமில்லை. ஆனால் தரையைத் தொடப்போன பந்தையெல்லாம் எடுத்தார்கள். முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. அப்போது மணி எட்டேகால். மூங்கிலில் கட்டிய இரண்டு டியூப் லைட் வெளிச்சத்தில் பந்து மேலே போனால் தெரியவில்லை. பரிசு வழங்க வந்த விருந்தினர் நாற்காலியில் நெளிந்து கொண்டிருந்தார். உப்பளத்தாருக்குக் கடைசிப் பேருந்து ஒன்பது மணிக்கு. குழுவினர் என்னைப் பார்த்தார்கள். நான் சீட்டுப் போட்டுவிடலாம் என்றேன்.

சீட்டை எழுதியவன் நான். மடித்தவனும் நான். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து எடுக்கச் சொன்னோம். எங்கள் அணியின் பெயர் வந்தது. மைதானம் ஆரவாரித்தது. சீட்டில் சூது எதுவும் இல்லை; அதை இன்றும் என்னால் சொல்ல முடியும். ஆனால் அது எனக்குத் தெரியுமே தவிர, அவர்களுக்கு எப்படித் தெரியும்? காலை முதல் எங்கள் பக்கமே சாய்ந்துவந்த ஒரு நாளின் முடிவில், நானே எழுதி நானே மடித்த சீட்டை அவர்கள் எதற்காக நம்ப வேண்டும்?

அவர்களுடைய கேப்டன் சண்டைக்கு வரவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, “ஆடித் தோத்திருந்தா நிம்மதியாப் போயிருப்போம், சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்.

அன்றிரவு மீதி ஆட்டங்களை நடத்த முடியவில்லை. அவை மறுநாள் ஞாயிறு, திருப்பலிக்குப் பிறகு நடந்தன. அப்படியானால் அந்த மூன்றாவது செட்டையும் மறுநாளுக்கு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பங்குச் சாமியாரும் அதைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியே வென்றது. அந்தச் சுழற்கோப்பை இன்னும் பங்கு அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது.

சீட்டாலும் நாணயத்தாலும் முடிவு காண்பது பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 1968-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், நேப்பிள்ஸ் நகரில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கூடுதல் நேரத்திற்குப் பின்னும் கோல் எதுவும் போடவில்லை. நாணயத்தைச் சுண்டினார்கள், இத்தாலி இறுதிக்குச் சென்று கோப்பையையும் பெற்றது. அந்த முறை பலருக்கும் உறுத்தியது. 1970-இல் கால்பந்து விதிகளை வகுக்கும் அவை, பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறையை ஏற்றுக்கொண்டது. பெனால்டியிலும் அதிர்ஷ்டம் உண்டு என்பார்கள். இருக்கட்டும், உதைப்பவன் கால் ஆட்டக்காரனின் கால் அல்லவா? சீட்டு எங்கும் கூடாது என்பதல்ல என் கருத்து. யார் யாருடன் மோதுவது என்பதற்கு, ஆட்டத்திற்கு முன்னால், எல்லா அணியினரும் பார்க்கச் சீட்டுப் போடுவது நியாயம். ஆட்டத்திற்குப் பதிலாகச் சீட்டுப் போடுவதுதான் அநியாயம்.

அடுத்த ஆண்டு நோட்டுப் புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை முதலில் எழுதியது அணிகளின் எண்ணிக்கையை அல்ல, பகல் வெளிச்சத்தை. மே மாத வெயிலில் பதினொன்றரைக்கு மேல் மூன்றரை வரை ஆட விடக் கூடாது என்று வைத்தால், ஒரே ஆடுகளத்தில் நாளைக்கு எட்டு ஒன்பது ஆட்டங்களே முடியும். ஆகவே பக்கத்திலேயே இரண்டாவது ஆடுகளம் போட்டோம். வலைக்கும் கம்பத்திற்கும் ஆன செலவைப் பந்தல் அலங்காரத்தில் குறைத்தோம். அணிகள் பன்னிரண்டுக்கு மேல் இல்லை என்று நோட்டீஸிலேயே அச்சிட்டோம்.

பன்னிரண்டுக்குக் காரணம் உண்டு. 16 அணிகளை நாக் அவுட்டில் ஆடவிட்டால் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். 12 அணிகளை மும்மூன்றாக நான்கு பிரிவாக்கி, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாருடனும் ஆடினால் 12 ஆட்டங்கள். பிரிவில் முதல்வரான நால்வருக்கு இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. ஆக மொத்தம் அதே 15 ஆட்டங்கள்தான். ஆனால் தொலைவிலிருந்து வந்த எந்த அணியும் இரண்டு ஆட்டம் ஆடாமல் திரும்பாது. செலவும் உழைப்பும் கூடவில்லை. கணக்கு மட்டும் மாறியது.

மூன்று அணிப் பிரிவில் ஒரு நுணுக்கம் இருப்பதை ஆடிப் பார்த்துத்தான் கற்றோம். முதல் ஆட்டத்தில் வென்றவரே அடுத்த ஆட்டத்திலும் இறங்கி வென்றுவிட்டால் பிரிவு அப்போதே முடிந்துபோகும். மூன்றாம் ஆட்டம் செத்த ஆட்டம், ஆடுவோருக்கும் மனமிராது. எனவே முதல் ஆட்டத்தில் தோற்றவர்தான் அடுத்து மூன்றாம் அணியுடன் ஆட வேண்டும். அப்போது கடைசி ஆட்டம் வரை பிரிவின் முடிவு தெரியாது. மூவரும் ஆளுக்கொரு வெற்றி பெற்றுச் சமமானால், வென்ற செட்டுகளின் விகிதம், பிறகு புள்ளிகளின் விகிதம் என்று நோட்டீஸின் பின்பக்கத்திலேயே அச்சிட்டோம். தகராறு வந்தபின் விதி தேடினால், அந்த விதி யாருக்காவது வேண்டியதாகத்தான் இருக்கும்.

பிரிவு முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பாட்மின்டனுக்கு முதன்முறையாகப் பிரிவு ஆட்டங்களை வைத்தார்கள். அடுத்த சுற்றில் எளிய எதிரி கிடைக்கட்டும் என்று சில இணையர் வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தார்கள். சீனா, இந்தோனேசியா, தென்கொரியா நாடுகளைச் சேர்ந்த எட்டு வீராங்கனைகள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் செய்தது தவறுதான். ஆயினும் தோற்றால் இலாபம் என்ற நிலையை உண்டாக்கி வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று, குற்றம் செய்த அமைப்பாளன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் பிரிவில் முதல்வரை மட்டுமே மேலே எடுத்தோம். அரையிறுதியில் யாருக்கு யார் என்பதைப் பிரிவு ஆட்டங்களெல்லாம் முடிந்தபின் நான்கு கேப்டன்களும் தாங்களே சீட்டெடுத்து முடிவு செய்தார்கள். சீட்டை எழுதுவதும் மடிப்பதும் என் கையில் இல்லை.

சொல்வதற்கு இது எளிது. 1987-இல் பதின்மூன்றாவதாக வந்து நின்றது என் மைத்துனர் மகன் ஆடும் அணி. “ஒரு அணிதானே மாமா, எப்படியாவது சேத்துக்கிடுங்க” என்றான். முடியாது என்றேன். மைத்துனர் இரண்டு ஆண்டுகள் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 1998-இல் உலகக் கைப்பந்துச் சம்மேளனம், யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 25 புள்ளிகளுக்கு ஒரு செட் என்று விதியை மாற்றியது. ஆட்டம் எப்போது முடியும் என்று தெரியாமல் தொலைக்காட்சிக்காரர்கள் பட்ட பாடும் அதற்கு ஒரு காரணம். நம் ஊர்ப் போட்டிகளுக்கும் அதனால் நன்மையே. ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் என்று இப்போது துணிந்து எழுதலாம். ஆனாலும் என்ன? மின்னொளிப் போட்டி என்ற பெயரில் 40 அணிகளைச் சேர்த்து, விடியற்காலை மூன்று மணிக்குக் காலிறுதி நடத்தும் ஊர்களை நான் பார்க்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் செருப்பைத் தலைக்கு வைத்து மைதானத்து ஓரத்தில் உறங்குகிறார்கள். எழுப்பி ஆடச் சொன்னால் கணுக்கால் பிசகாமல் என்ன செய்யும்? வெளிச்சம் வந்துவிட்டது, கணக்குத்தான் இன்னும் வரவில்லை.

உப்பளத்தாருக்கு 1987-இலும் 1988-இலும் அஞ்சலட்டை எழுதினேன். பதிலில்லை. 1989-இல் நானே பேருந்தேறிப் போனேன். கேப்டன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கட்டணம் வேண்டாம் என்று சொன்னதை அவர் ஏற்கவில்லை. மடியிலிருந்து 25 ரூபாயை எடுத்து எண்ணிக் கொடுத்து, “ரசீது குடுங்க, சார்” என்றார். கொடுத்தேன்.

அவ்வாண்டு அவர்கள் வந்தார்கள். பழைய எண்மரில் மூவர்தான் இருந்தனர். காலை ஏழே முக்காலுக்கு ஓர் ஆட்டம், பத்து மணிக்கு ஓர் ஆட்டம், இரண்டிலும் தோற்றார்கள். பந்தலில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் சிறிது நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பகல் பன்னிரண்டரை மணிப் பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.