முதலில் சுவர் காயட்டும்

கல் ஒட்டி முடிந்ததும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பாஸ், எப்ப பளபளப்பாக்கித் தருவீங்க?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பூச்சுக்கு மணல் எங்கேருந்து எடுத்தீங்க?" என்று. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது போல என் முகத்தைப் பார்ப்பார்கள். கண்டியில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்வி தேவைப்படாமல் போகலாம். புத்தளம் மாவட்டக் கரையில் அதைக் கேட்காமல் சீலர் டப்பாவைத் திறக்கக் கூடாது.

அடுப்புக்குப் பின்சுவரில் இயற்கைக் கல் பதிப்பது எங்கள் பக்கம் புதுப் பழக்கம். கற்பிட்டியில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக எழும்பிய விடுதிகளில்தான் நான் அதை முதலில் பார்த்தேன். 2020இல் வெளிநாட்டு டைல்ஸ் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தபோது, வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலரும் கல்லின் பக்கம் திரும்பினார்கள். கடப்பாக் கல், மாத்தளைப் பக்கத்து மாபிள், பிளந்த கருங்கல், இந்தியச் சிலேட்டு என்று அவரவர் காசுக்குத் தக்கபடி வாங்குகிறார்கள். அதற்குச் சீலர் அடிப்பதும், நிறத்தைத் தூக்கிக் காட்டும் கலர் என்ஹான்சர் பூசுவதும் கல் பதிக்கிறவனின் கடைசி வேலை. எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். சாந்துச் சட்டி, மட்டப்பலகை, நூல் எல்லாவற்றையும் கழுவி ஓரமாக வைத்த பிறகு, ஒரு துணியும் ஒரு சின்ன டப்பாவும் மட்டும் கையில் இருக்கும் நேரம் அது.

சீலர் என்றால் குழம்பு தெறித்தாலும் கல்லுக்குள் இறங்காமல் தடுப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் கரையில் கல்லைக் கெடுப்பது முன்னாலிருந்து தெறிப்பதைவிடப் பின்னாலிருந்து வருவதுதான். கற்பிட்டிக் குடாநாடே மணல் திட்டு. வளவுக்குள் தோண்டிய மணலிலேயே பூச்சுக் குழைத்த வீடுகள் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணியும் பல இடங்களில் உவர். தெதுறு ஓயா மணல் என்று சொல்லி இறக்கினாலும், அது ஆற்றில் எந்த இடத்தில் அள்ளியது என்று யாருக்குத் தெரியும்? அந்த உப்பு முழுக்கச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருந்தால் மட்டும் தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் பளிங்காக உறையும். கடற்கரையில் இரவில் அந்த அளவு சர்வசாதாரணமாகத் தாண்டும். சோளகம் அடிக்கிற நடுப்பகலில் குறையும். ஆகவே சுவருக்குள் உப்பு கரைவதும் உறைவதுமாக இருக்கும். வெயிலையும் காற்றையும் வைத்துப் பாலாவி உப்பளங்களில் நாம் காசுக்குச் செய்கிற வேலையை, அதே வெயிலும் காற்றும் நம் குசினிச் சுவரில் சும்மா செய்கின்றன. உறைகிற பளிங்கு கல்லின் நுண்துளைக்குள் வளர்ந்தால் துளையின் சுவரைத் தள்ளும். கொஞ்ச நாளில் கல்லின் மேல்தோல் பொடியாகி உதிரும்.

இதை யாருக்காவது விளங்கப்படுத்த வேண்டுமென்றால் கற்பிட்டிக் கோட்டையைச் சொல்வேன். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை, முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் வைத்துக் கட்டியது. கடலேரியின் வாயில் நின்று மூன்றரை நூற்றாண்டாக உப்புக் காற்றைக் குடிக்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளாது, வெளியே விட்டுவிடும். அப்படிப்பட்ட சுவரின் மேல் சிமெந்தை அப்பினால் ஈரத்துக்கு வேறு வழி கிடைக்காமல் கல் வழியாகவே வெளியேறும், உப்பையும் கல்லிலேயே விட்டுப் போகும். பழங்கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள் சிமெந்து மூட்டையைக் கண்டால் பதறுவது அதனால்தான். குசினிச் சுவரில் வார்னிஷ் மாதிரியான பூச்சைப் பூசி மூச்சை அடைப்பதும் இதே காரியம்தான்.

அதனால் என் முதல் வேலை பொலித்தீன். ஒரு சதுர அடி அளவு தெளிந்த பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு இரவும் பகலும் விடுவேன். பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால், அல்லது அந்தச் சதுரம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தால், சுவர் இன்னும் காயவில்லை. சிமெந்துச் சாந்துக்கு 28 நாள் என்பது பலம் ஏறுகிற கணக்கு. ஈரம் வடிகிற கணக்கு வேறு, அதுவும் மாரி மழைக்குள் பூசிய சுவரென்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணி ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். மறுபடி பூக்கும், மறுபடி தட்ட வேண்டும். பூப்பது நின்ற பிறகுதான் சீலர். குடிபுகும் நாள் குறித்துவிட்டு அவசரப்படுத்துகிறவர்களிடம் நான் வாக்குவாதம் பண்ணுவதில்லை. குடிபுகுங்கள், சமையுங்கள், சீலர் அடிக்கப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதுவரைக்கும் அடுப்புக்கு நேரே ஒரு தகரத் தகடு சாய்த்து வைத்தால் போதும்.

அடுத்தது கல் எந்தச் சாதி என்று பார்ப்பது. கடையில் கறுப்பாக இருப்பதெல்லாம் கிறனைட் என்று விற்கப்படுகிறது. கடப்பாக் கல்லும் கறுப்பு, ஆனால் அது சுண்ணாம்புக்கல். மிஞ்சிய துண்டொன்றில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால், சொட்டு நின்ற இடத்தில் பளபளப்புப் போய்ச் சாம்பல் வட்டம் தெரியும். தெரிந்தால் சுண்ணாம்புச் சாதி. கிறனைட்டில் ஒன்றும் நடக்காது. மலைநாட்டு மாபிளில் டொலமைட் கலந்தது உண்டு. அது நுரைக்காமல் ஏமாற்றும், ஆனால் வட்டம் விழும். நுரையைப் பார்க்காதீர்கள், பளபளப்பைப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புக்கல்லை நாம் வெளியூரிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறோம், நம் காலுக்குக் கீழேயே அது கிடக்கிறது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லைத்தான் அருவக்காட்டில் வெட்டி ரயிலில் பாலாவிக்குக் கொண்டுவந்து சிமெந்தாக அரைக்கிறார்கள். புளிப்புப் பட்டால் கரைவது அதன் பிறவிக்குணம். எங்கள் சமையலோ தேசிக்காய், பழப்புளி, கொறக்காப் புளி, வினாகிரி இல்லாமல் நடக்காது. இதற்குச் சீலர் மருந்தில்லை என்பதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீலர் கறையைத் தடுக்கும். புளிப்பு கல்லின் மேல்பரப்பையே தின்பது வேறு விசயம். கல்லை இன்னும் வாங்காதவர் கேட்டால், அடுப்புக்கு நேர் பின்னால் கருங்கல் சாதியைப் பதியுங்கள், மாபிள் ஆசையைப் பக்கச் சுவரில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சீலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலே படலமாக நிற்பது. நாலு நாளைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும், அடுப்புச் சூட்டில் மஞ்சளாகும், பின்னாலிருந்து ஈரம் வந்தால் செதிலாக உரியும். குசினிச் சுவருக்கு அதை நான் தொடுவதில்லை. மற்றது கல்லுக்குள் இறங்கி, துளையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, துளையை அடைக்காமல் விடுவது. தண்ணி உள்ளே போகாது, நீராவி வெளியே வரும். இதிலும் சிலிக்கன் வகைச் சீலர்கள் கருங்கல்லில் பிடிக்கிற பிடி சுண்ணாம்புக்கல்லில் இல்லை. தண்ணியைத் தள்ளுவதில் கெட்டி, எண்ணெயைத் தள்ளுவதில் சுமார். புளோரின் சேர்ந்த சீலர் விலை கூட, ஆனால் எண்ணெயையும் தள்ளும். டப்பாவில் 'வோட்டர் றிப்பெலன்ட்' என்று மட்டும் இருந்தால் அது வீட்டு வெளிச்சுவருக்கு. தேங்காயெண்ணெய் தாளிக்கிற சுவருக்கு 'ஒயில் றிப்பெலன்ட்' என்றும் எழுதியிருக்க வேண்டும்.

இனி நிறம். மழையில் நனைந்த கல் ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது? காய்ந்த கல்லின் சொரசொரப்பான மேல்பரப்பில் காற்று நிற்கிறது. காற்றுக்கும் கல்லுக்கும் ஒளிமுறிவுச் சுட்டியில் பெரிய இடைவெளி, காற்றுக்கு 1, கருங்கல்லில் உள்ள படிகக்கல்லுக்கு 1.54 அளவு. அந்த எல்லையில் வெளிச்சம் சிதறி, கண்ணுக்கு வெளிறிய சாம்பலாகத் தெரிகிறது. தண்ணியின் சுட்டி 1.33. அது பள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறைந்து வெளிச்சம் கல்லுக்குள் போய்க் கல்லின் சொந்த நிறத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. தண்ணி காய்ந்துவிடும், என்ஹான்சரில் இருக்கும் பிசின் போகாமல் அங்கேயே தங்கும். அவ்வளவுதான் மந்திரம். ஆகவே என்ஹான்சர் புது நிறம் எதையும் கொண்டுவராது. வாங்குமுன் கல்லை நனைத்துப் பாருங்கள். நனைந்த நிறம் பிடிக்கவில்லையென்றால் என்ஹான்சரும் பிடிக்காது. நன்றாக மெருகேற்றிய கிறனைட்டில் சொரசொரப்பே இல்லை, அதனால் பூசினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிளந்த கல், மங்கலாக அரைத்த கல், சிலேட்டு, இவற்றில்தான் அதன் விளையாட்டு. நல்ல வெள்ளை மாபிளுக்குப் பூசச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன், அழுக்குப் பிடித்தது போலாகிவிடும்.

பூசுகிற அன்று காற்று அடங்கின காலை நேரம் நல்லது. சோளகக் காலத்தில் யன்னல் வழியாக மணல் வந்து ஈரச் சீலரில் ஒட்டும். யன்னலைச் சாத்தவும் முடியாது, தின்னர் வாடை தலையைச் சுற்றும். காஸ் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். பஞ்சு உதிராத பழைய பனியன் துணியை மடித்து, நனைத்து, பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரு முழம் அகலம் மட்டும் பூசுவேன். அந்த நேரத்தில்தான் கல் பேசத் தொடங்கும். சாம்பலாகக் கிடந்த கருங்கல்லில் கறுப்பு அப்பிரகம் ஒரு பக்கம் எழும்பும், சிவப்புச் செம்மணிக்கல் புள்ளி ஒன்று எங்கிருந்தோ வரும். ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள், டப்பாவில் எழுதியிருக்கிற நேரத்தைப் பார்த்து, கல் குடிக்காமல் மேலே நிற்பதை வேறொரு காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். விட்டால் பிசுக்காக உறைந்து, பிறகு வரும் தூசியெல்லாம் அதில்தான் குடியிருக்கும். பிளந்த கல்லில் பள்ளத்துக்குள் தேங்கும், அதைத் தூரிகை முனையால் ஒற்றி எடுக்க வேண்டும். சீக்கிரம் குடிக்கிற கல்லுக்கு இரண்டாம் கை உண்டு. பிறகு இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் தண்ணி, எண்ணெய் எதுவும் படக் கூடாது.

இன்னொன்று, சொரசொரப்பான கல்லுக்கு கிறவுட் நிரப்புமுன்பே ஒரு கை சீலர் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கிறவுட்டின் சாயம் கல்லின் முகத்தில் ஏறி, அதைச் சுரண்டிச் சுரண்டியே வேலை நாள் போய்விடும்.

ஒரு வீட்டில் ராத்தா ஒருவர் கேட்டார், "பாஸ், மஞ்சள் பட்டா என்ன செய்யிற? சவர்க்காரம் போட்டா சிவக்குதே!" மஞ்சள் காரத்தில் சிவக்கும், அது அதன் குணம். வெளிர்க் கல்லென்றால் பார்மசியில் விற்கிற ஐதரசன் பெரொக்சைட்டில் டால்கம் பவுடரைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மேலே பொலித்தீன் மூடி, மறுநாள் அதை எடுத்துவிட்டு, பற்றுக் காய்ந்ததும் உதிர்த்துவிடலாம். கடப்பாக் கல்லுக்கு அதைப் போடாதீர்கள், வெளிறிவிடும். எண்ணெய்க் கறைக்கு அதே பவுடர், அசிட்டோனில் குழைத்தது. அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022இல் காஸ் கிடைக்காமல் விறகுக்குத் திரும்பிய மாதங்களில் எத்தனையோ கல் சுவர்கள் கரி ஏறிப்போயின. சீலர் அடித்திருந்த சுவர்களில் மிதமான சவர்க்காரத் தண்ணியும் துணியும் பெரும்பாலானதை எடுத்துவிட்டன. அடிக்காத சிலேட்டில் கரி இன்னும் இருக்கிறது.

மேசன்மாரிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் சிமெந்துக் கறை போக அசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தைக் கல் சுவரில் காட்டாதீர்கள். சுண்ணாம்புக்கல் முகமே போய்விடும், கிறனைட்டிலும் கிறவுட்டைத் தின்று உள்ளே உப்பை விட்டுப் போகும். சாந்து ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் அசிட்டுக்கு வேலையே இல்லை.

வீட்டுக்காரருக்கு ஒன்று. வருடத்துக்கொரு தடவை, மாரி தொடங்குமுன், அடுப்புக்கு நேரே இருக்கிற கல்லில் விரலால் தண்ணி தெளித்து ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் சீலர் இன்னும் வேலை செய்கிறது, கடைக்காரர் என்ன சொன்னாலும் புது டப்பா வாங்காதீர்கள். கல் கறுத்தால் ஆள் அனுப்புங்கள். வரும்போது பொலித்தீனும் டேப்பும் நானே கொண்டுவருவேன்.