இன்னும் நிற்கவில்லை

திங்கள்

வாடிக்கையாளர் இடத்தில் சர்வர் மறுபடி ஹேங். கன்சோலில் அதே புலம்பல்: ஒரு கோர் 22 வினாடியாக மாட்டிக்கொண்டிருக்கிறதாம். 20 வினாடி பொறுத்த பிறகுதான் லினக்ஸ் வாயைத் திறக்கும். ஊருக்குப் போக எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. எழுதி வைக்காவிட்டால் எந்த இரவில் எது நடந்தது என்பதே குழம்பிவிடும்.

செவ்வாய்

காரணம் பிடிபட்டது. எங்கள் டிரைவரில் இரண்டு ஸ்பின்லாக், கிடைக்கும் வரை கோரைச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டுகள். வழக்கமான பாதை முதலில் க்யூவின் லாக்கை எடுக்கிறது, அப்புறம் டிஸ்க்கின் லாக்கை. டிஸ்க் பிழை தரும்போது மட்டும் ஓடுகிற மீட்புப் பாதை தலைகீழாக எடுக்கிறது. இரண்டு பாதையும் இரண்டு கோர்களில் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு லாக்கைப் பிடித்துவிட்டால் முடிந்தது கதை. மற்றதன் லாக்குக்காக இரண்டும் சுற்றிக்கொண்டே கிடக்கும். பேட்ச் சின்னதுதான், மீட்புப் பாதையிலும் அதே வரிசை. ஆனால் சரியாகிவிட்டது என்று எப்படிக் காட்டுவது?

வியாழன்

பேட்ச் போட்ட 64 கோர் சர்வரில் ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சுமைச் சோதனை ஓடுகிறது. நிற்கவில்லை.

வெள்ளி

நிற்கவில்லை. “அப்ப ரிலீஸ் பண்ணிடலாமா?” என்றார் மேனேஜர். காபி எடுக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு

வீட்டிலும் லேப்டாப்பில் அதே திரை. “ஓடுதா?” என்று கேட்டாள் மனைவி. ஓடுது என்றேன். “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அது நின்னா நல்லதா, ஓடினா நல்லதா? ஒண்ணைச் சொல்லுங்க, நானும் வேண்டிக்கிறேன்.” எரிச்சலாக வந்தது. விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும்.

முன்னோர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1996இல் லினக்ஸ் 2.0 பல செயலிகளில் ஓடத் தொடங்கியபோது கர்னலுக்கு ஏறக்குறைய ஒரே பெரிய லாக்தான். ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் உள்ளே போகலாம். மெதுவாக ஓடியது, ஆனால் எதை முதலில் எடுப்பது என்ற பேச்சே இல்லை. வேகம் வேண்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, 2011இல் 2.6.39 பதிப்பில் மிச்சத்தையும் தூக்கினார்கள். இப்போது எங்கு பார்த்தாலும் குட்டி குட்டி லாக்குகள். என் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் போகிறது.

திங்கள்

பேட்ச் போடாத பழைய கர்னலை அதே சோதனையில் விட்டேன். ராத்திரி வரை அதுவும் நிற்கவில்லை.

புதன்

நம் லேபில் டிஸ்க்குகள் எல்லாம் புதுசு. பிழையே வராது, மீட்புப் பாதை ஓடவே ஓடாது. கர்னலில் பிழையை வேண்டுமென்றே புகுத்தும் வசதி இருக்கிறது, அதைப் போட்டேன். இரண்டு லாக்குக்கும் நடுவே ஒரு மில்லிவினாடி தாமதத்தையும் செருகினேன். டீ ஆறுவதற்குள் பழைய கர்னல் உறைந்தது! மேசையைத் தட்டிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஹேங் ஆயிடுச்சு” என்றேன். கங்கிராட்ஸ் என்றாள்.

அதே தாமதத்தோடு பேட்ச் போட்ட கர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெகு நாள் கழித்துத் தூக்கம் வருகிறது.

சனி

லாக் வரிசையைச் சோதிக்கும் கர்னல் வசதியான லாக்டெப்பையும் போட்டுப் பார்த்தேன். 2006இல் இங்கோ மோல்நார் கொண்டுவந்தது. உண்மையிலேயே முட்டிக்கொள்ள வேண்டாம், எந்த லாக்குக்குப் பின் எந்த லாக் என்று குறித்துக்கொண்டே வந்து வரிசை முரண்பட்டதும் கத்தும். ஆனால் ஓடிய பாதைகள்தான் அதற்குத் தெரியும். இன்னொரு குணமும் உண்டு: ஒரு புகார் எழுதியதும் தன்னையே அணைத்துக்கொள்ளும். அடுத்ததைப் பார்க்க ரீபூட் செய்ய வேண்டும்.

பழைய கர்னலில் நம் ஜோடியைத்தான் காட்டியது. பேட்ச் போட்டதில் அந்த ஜோடி இல்லை. வேறொரு ஜோடி இருக்கிறது. டிஸ்க்கின் லாக்கும் டைமரின் லாக்கும்.

இத்தனை நாளும் முதல் புகாருக்குப் பின்னால் இது ஒளிந்திருந்ததா? இல்லை, ஒரே வகை லாக்குகளையெல்லாம் ஒன்றாக எண்ணும் அதன் பழக்கத்தால் வந்த வீண் கூச்சலா? இந்த இரண்டு பாதைகளும் ஒருபோதும் சேர்ந்து ஓடாது என்று காலையில் தோன்றியது. மதியம் அவ்வளவு நிச்சயமில்லை.

செவ்வாய்

இந்த வாரம் ரிலீஸ் இல்லை என்று மெயில் போட்டேன். பழைய கர்னலை மறுபடி ஏற்றியிருக்கிறேன். இந்த ஜோடிக்குத் தாமதத்தை எங்கே செருகுவது என்று இன்னும் பிடிபடவில்லை.