உம்மாவின் பெருவிரல்

பாய் இழைத்தே எங்களைப் படிப்பித்த உம்மாவுக்கு இப்போது போத்தல் மூடியையும் திறக்க ஏலாது. பெருவிரலடி மூட்டுத் தேய்ந்துவிட்டது. பட்டி கட்டியும் ஊசி போட்டும் நோவு அடங்கவில்லை. சத்திரசிகிச்சைதான் என்றார் டொக்டர். எலும்பின் பெயரைக் கேட்டுத் திகைத்தேன்: ட்ரபீசியம். ஆண்டாண்டாய் நான் கரும்பலகையில் வரையும் சரிவகம்!

அந்த எலும்பையே அகற்றும் முறையை 1949இல் ஜேர்விஸ் என்ற பிரித்தானியர் எழுதிவைத்தார். நோவு குறையும், விரல் சற்றுக் குறுகும், பலம் திரும்ப மாதங்கள் செல்லும். அவ்விடத்தில் தசைநாணைச் சுருட்டி வைப்பதும் உண்டு. அதனால் மேலதிக நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. செயற்கை மூட்டு விரைவில் பலன் தரும். பின்னர் தளரவும் விலகவும் கூடும். எலும்புகளை ஒன்றாய்ப் பொருத்திவிட்டால் பிடி உறுதியாகும். உள்ளங்கை மட்டும் நிலத்தில் தட்டையாய்ப் படியாது.

“பொருத்துவோம், திரும்பப் பாய் இழைக்கலாம்” என்றேன்.

“சுஜூதுல கை படியுமா மகன்?”

“ஏலாதவங்களுக்குச் சலுகை இருக்கு உம்மா.”

“இப்ப ஏலுதே” என்றார்.

எலும்பை அகற்றவே சம்மதித்தோம். ஆறு மாதமாகிறது. பாதிப் பாய் இன்னும் சுவரோரம் சுருண்டிருக்கிறது. உள்ளங்கை படிகிறது.