உயர்ந்தது எது?

வன்னியின் உள்வீதிகளில் பயணம் செய்பவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். டபிள் கெப் வாகனங்கள் சில தமது இயல்பான உயரத்தில் இல்லை. உடல் இரண்டு மூன்று அங்குலம் மேலெழுந்து நிற்கிறது, சில்லுகள் பருத்திருக்கின்றன. பார்ப்பவர்கள் "காசு கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அப்படி ஒதுக்கிவிடக்கூடிய விடயம் அல்ல இது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கையில் இருந்த பழைய வாகனத்தையே பழுது பார்த்து வைத்திருக்க வேண்டியதாயிற்று. நெல் மூடைகளைச் சுமந்து சுமந்து பின்புறத்து ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதை உயர்த்தியே மாற்றினால் என்ன என்பதுதான் பலரது கணக்கு.

என் தமக்கையின் மகனும் அப்படித்தான் கணக்குப் போட்டான். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வயல் செய்கிறவன். அவனிடம் இருப்பது 'விகோ' என்று நம்மவர்கள் அழைக்கும் ஹைலக்ஸ். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றும். மாதம் ஒருமுறை தாயாரை முல்லைத்தீவுக்குக் கிளினிக் கொண்டுபோகும். மாரியில் இடையிலுள்ள தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும்போது இரண்டுமே நின்றுவிடும்.

"மாமா, மூண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய ரயரும் போட்டால் வெள்ளத்துக்குப் பயமில்லை. அரைவாசிக் காசை நீங்கள் தந்தால் அறுவடைக்குப் பிறகு திருப்பித் தருவன்" என்றான்.

கேள்வி கேட்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத குணத்தைப் பத்திரிகைத் தொழில் எனக்குள் ஏற்றிவிட்டது. ஆகவே அவனுடன் வவுனியாவில் ஒரு கராஜுக்குச் சென்றேன்.

அங்கிருந்த மெக்கானிக் வயதில் என்னை ஒத்தவர். வாகனத்தை ஜக்கில் ஏற்றி, "ஐயா, குனிஞ்சு பாருங்கோ. இதிலை எது ஆகப் பதிவாய் இருக்கு?" என்று கேட்டார். பின் அச்சின் நடுவே குண்டாகத் தொங்கிய டிபரன்ஷல் பெட்டியைக் காட்டினேன்.

"அது உயராது" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லில் விடயம் அடங்கியிருந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதன்மேல் இருக்கும் சட்டமும் இயந்திரமும் உடலும் உயரும். பின் அச்சு சில்லுகளோடு இணைந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது ரயர் மட்டுமே. அதுவும் விட்டத்தில் கூடும் அளவின் பாதிதான். மருமகனின் வாகனத்தில் இருந்தது 265/65 ஆர் 17 ரயர். அதன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். அவன் ஆசைப்பட்ட 285/70 ஆர் 17 ரயரின் விட்டம் ஏறத்தாழ 831. வித்தியாசம் 55 மில்லிமீற்றர். டிபரன்ஷல் உயர்வது அதில் பாதி, அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பார்வைக்கு நான்கு அங்குலம் வளர்ந்த வாகனம், வீதியின் நடுவில் நிற்கும் கல்லுக்கு ஓர் அங்குலம்தான் வளர்ந்திருக்கிறது.

இந்த உயரத்துக்கு விலையும் உண்டு. முன் சில்லுகளைச் சுழற்றும் தண்டுகள் சரிவாக நிற்பதால் அவற்றின் மூட்டுகள் தேயும். இரப்பர் உறைகள் விரைவில் கிழியும். சில்லுகளின் சாய்வை மீண்டும் சரிசெய்யாவிட்டால் புதிய ரயர் ஒரு பக்கமாகத் தேயும். பெரிய ரயர் ஒரு சுற்றில் கூடிய தூரம் போவதால் வேகமானி குறைத்துக் காட்டும். அந்த 285 ரயரோடு வேகமானி 60 என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 64இல் ஓடும். பாரமான சில்லை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஈர்ப்பு மையம் மேலே போவதால் மூடைகளை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது கவிழும் ஆபத்தும் கூடும். முன் விளக்குகளைத் தாழ்த்தி வைக்காவிட்டால், எதிரே விளக்கில்லாத சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்து அவரை வீதியை விட்டு இறக்கிவிடும். இவற்றோடு, வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

வெள்ளத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியமானது. இயந்திரம் காற்றை உள்ளிழுக்கும் வாய் உடலோடு உயர்வதால் அந்தளவுக்கு இலாபம் உண்டு. ஆனால் ஓடிச் சூடேறிய டிபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அதன் மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தால் அல்லது வால்வு பழுதாகி இருந்தால் நீரை உறிஞ்சி எண்ணெயோடு கலந்துவிடும். அந்தக் குழாயை மேலே நீட்டி விடுவதற்குப் பெரிய செலவில்லை. உயர்த்துகிறவர்களில் பலர் அதைச் செய்வதில்லை.

முடிவில் மருமகன் தன் கணக்கை மாற்றினான். பாரத்துக்கு ஏற்ற புதிய ஸ்பிரிங்குகளோடு இரண்டு அங்குல உயர்வு, 265/70 ரயர், நீட்டிய மூச்சுக்குழாய். தாயார் ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் படி. முழங்கால் வலியுள்ள அவருக்கு இரண்டு அங்குலம் என்பது சிறிய தூரம் அல்ல. பாதிப் பணத்தை நான் கொடுத்தேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. அந்த வாரத்தில் தமக்கையாரின் மாத்திரைகள் முடிந்துவிட்டன. வாகனம் சேற்றையும் தேங்கிய வெள்ளத்தையும் சிரமமின்றிக் கடந்தது. முன்பென்றால் பாதி வழியிலேயே நின்றிருக்கும். தாம்போதிக்கு வந்தபோது அதன் மேலாக நீர் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் இத்தகைய வாகனத்தையும் அடித்துச் செல்லப் போதுமானது. ஸ்பிரிங்கும் ரயருமாக அவன் வாங்கியிருந்த உயரம் இரண்டரை அங்குலம். அவன் இறங்கி நின்று பார்த்துவிட்டு வாகனத்தைத் திருப்பினான். தமக்கையார் இரண்டு நாட்கள் மாத்திரை இல்லாமல் இருந்தார். நீர் வடிந்த பின்னரே முல்லைத்தீவுக்குப் போக முடிந்தது.

மருமகன் செய்தது வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாகனம் இன்று முன்னரைவிட நன்றாகப் பாரம் சுமக்கிறது. ஆனால் அதே தாம்போதியின் இரு கரைகளிலும் அன்று மோட்டார் சைக்கிளோடு நின்றவர்கள் இருந்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் உயர்த்துவதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வாகனத்தை உயர்த்தச் செலவிடும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு நல்ல பாலத்தைக் கேட்பதற்கு நமக்கு உரிமை போதாதா என்று தோன்றுகிறது.

அடுத்த மாரிக்கு முன்னர் உயரவேண்டியது அந்த வீதி. மருமகன் இப்போது கமக்காரர் அமைப்பின் ஊடாக அதற்கான மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கிறான். வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான்.