மண் தூவும் பறவை

தமிழில் 'கண்ணில் மண்ணைத் தூவுதல்' என்றால் ஏமாற்றுதல். காவலர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கைதி தப்பினான் என்று செய்தித்தாள் எழுதும்போது அங்கே மண்ணும் இருப்பதில்லை, தூவிய கையும் இருப்பதில்லை. புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன தொடர் அது. எனக்கு அது மறுபடியும் நிஜ மண்ணாகத் தெரிந்தது ஒரு வீடியோ விளையாட்டில். இலக்கியம் பேசுகிறவர்களிடையே இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போகிமான் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய்க் கருவிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். விளையாட்டிலும் அதுதான் வேலை: புல்வெளியில் அலைந்து விசித்திர உயிரினங்களைப் பிடிப்பது, வளர்ப்பது, பிறருடைய உயிரினங்களோடு மோதவிடுவது. ஒவ்வோர் உயிரினமும் ஒரே நேரத்தில் நான்கு வித்தைகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஐந்தாவதைக் கற்பதென்றால் பழையதில் ஒன்றை மறந்தாக வேண்டும். எதை மறப்பது என்று விளையாட்டு நம்மைக் கேட்கும். அநேகமாக எல்லோரும் முதலில் மறக்கச் சொல்வது 'சாண்ட் அட்டாக்' என்ற வித்தையை. மண்ணை வாரி எதிரியின் கண்ணில் வீசுவது.

ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் பிட்ஜி என்ற சின்னப் பறவைக்கு அது தெரியும். முப்பது சென்டிமீட்டர் உயரம், இரண்டு கிலோ கூட இல்லாத எடை. ஐந்தாவது நிலையை எட்டியதும் அது இந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறது. விளையாட்டின் உள்ளேயே ஓர் உயிரினக் கையேடு உண்டு. அதன் ஒரு பதிப்பு, பிட்ஜி மிகவும் சாதுவானது, தாக்கப்பட்டால் திருப்பித் தாக்காமல் மண்ணைக் கிளப்பித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் வழக்கில் மண் தூவுகிறவன் கள்ளன். அங்கே அவன் சண்டை வேண்டாம் என்று சொல்கிறவன்.

அந்த மண் செய்யும் வேலை விசித்திரமானது. எதிரியின் உயிரில் ஒரு புள்ளியையும் அது குறைப்பதில்லை, வலிமையையும் குறைப்பதில்லை. அடி குறி தவறும் வாய்ப்பை மட்டும் கூட்டுகிறது. நான் ஆடிய பதிப்பில் கணக்கு இப்படி: நூற்றுக்கு நூறு படும் அடி, ஒரு முறை மண் விழுந்தால் 75 ஆகும். இரண்டாம் முறை 60, மூன்றாம் முறை 50. பிறகு 43, 36, 33. ஆறு முறைக்கு மேல் போக முடியாது. முதல் ஆட்டங்களில் இது இன்னும் கடுமை. ஒரே வீச்சில் 66, ஆறில் 25. (அந்த முதல் ஆட்டங்களில் ஒரு நிரல் பிழையும் இருந்தது. நூற்றுக்கு நூறு என்று எழுதியிருக்கும் அடிகூட 256ல் ஒரு தடவை தவறிவிடும். பிழையென்றே தெரியாமல், அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டே எத்தனையோ பிள்ளைகள் ஆடியிருப்பார்கள்.) 1999ல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து இது நில வகை வித்தையாக மாற்றப்பட்டது. பறக்கும் உயிர்களை நிலநடுக்கம் தீண்டாது. ஆனால் இந்த ஒரு பிடி மண் அவற்றின் கண்ணிலும் போய் விழும்.

ஜப்பானிய மொழியில் வித்தையின் பெயர் 'சுனாகாகே', மண் வீச்சு. நாரா, ஹியோகோ பகுதிகளின் நாட்டார் கதைகளில் 'சுனாகாகே பாபா' என்றொரு கிழவி வருகிறாள். ஆளரவமற்ற கோயில் தோப்பின் வழியே போகிறவர்கள்மீது மண்ணைத் தூவுவாள். அவள் உருவத்தை யாரும் கண்டதில்லை. நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ அவளைப் பதிவு செய்திருக்கிறார். மிசுகி ஷிகெருவின் சித்திரக்கதைகள் வழியே அவள் நாடறிந்தவளானாள். இந்த வித்தைக்கும் அவளுக்கும் தொடர்பு இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் எனக்கு எப்போதும் அவள் நினைவு வந்துவிடும், அவ்வளவே.

2020 ஊரடங்கின்போது அக்காவும் அவள் மகனும் சில மாதங்கள் என் வீட்டில் தங்கியிருந்தார்கள். அவனுக்கு ஒன்பது வயது. பரணிலிருந்து பழைய கேம்பாய் அட்வான்ஸ் கருவிகள் இரண்டை இறக்கினேன். ஒன்று நான் வாங்கியது, மற்றது ஊர்மாறிப் போன நண்பர் விட்டுச் சென்றது. முதல் ஆட்டத்தை 2004ல் புதுப்பித்து வெளியிட்ட 'ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' இரண்டும் இருந்தன, இரண்டு கருவிகளையும் இணைக்கும் கேபிளும் இருந்தது. அவன் ஃபயர்ரெட்டைப் புதிதாகத் தொடங்கினான். நான் என்னுடைய பழைய ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

எல்லாப் பிள்ளைகளையும் போல அவனும் ஒன்றை மட்டுமே வளர்த்தான். சாரிஸார்ட் என்ற தீப்பறவை நாகம். அதைத் தன் தட்டிலிருந்து ஊட்டி வளர்த்தவன் போலவே பேசுவான். கூட இருந்த இரண்டும் வளராத குஞ்சுகள். அதுவரை ஆடிய நான்கைந்து ஆட்டங்களில் அந்த சாரிஸார்ட் என்னைத் துவைத்து எடுத்திருந்தது. எனக்குள் ஒரு சின்ன எரிச்சல் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வயதைக் கடந்தவனுக்கு அப்படியொரு எரிச்சல் வரலாமா என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

என் பிட்ஜி பெரிதாகிப் பிட்ஜியாட் ஆகியிருந்தது. ஒன்றரை மீட்டர் உயரப் பறவை. ஆனாலும் ஏதோ பிடிவாதத்தில் பழைய மண் வீச்சை அதன் நினைவிலிருந்து நான் அழிக்கவில்லை. அன்று அதைப் பயன்படுத்தினேன்.

முதல் தீ என் பறவையின் உயிரில் பாதிக்கு மேல் தின்றது. நான் மண்ணை வீசினேன். அடுத்த தீ தவறியது. மறுபடி மண். மறுபடி தவறியது. மூன்றாவது மண் விழுந்ததும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, 'ஃபயர் பிளாஸ்ட்' என்ற பெரிய அடிக்கு மாறினான். அடி தவறும்போது பிள்ளைகள் இன்னும் ஓங்கித்தான் அடிப்பார்கள். பெரியவர்களும்தான். ஆனால் அந்த அடி இயல்பிலேயே நூற்றுக்கு 85 தடவைதான் படும். மூன்று முறை மண் விழுந்த கண்ணுக்கு அது 42 சொச்சம். அதோடு ஐந்து முறைதான் அதை வீச முடியும். ஐந்தும் தவறின. ஒவ்வொரு தடவையும் திரையில் அடி படவில்லை என்ற அதே வரி தோன்றியது. அவன் ஒன்றும் பேசவில்லை. பொத்தானை மட்டும் முன்னைவிட அழுத்தி அமுக்கினான், அழுத்தமாக அமுக்கினால் குறி படும் என்பதுபோல. நான் மேலும் மூன்று முறை மண்ணை வீசிவிட்டு, நிதானமாக அந்த சாரிஸார்ட்டை வீழ்த்தினேன். குஞ்சுகள் இரண்டும் ஆளுக்கோர் அடியில் விழுந்தன.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. மண் விழுந்த உயிரினத்தை ஒரு கணம் உள்ளே அழைத்துவிட்டு வேறொன்றை அனுப்பினால், கண்ணில் விழுந்த மண் மொத்தமும் போய்விடும். திரும்ப வரும்போது பழையபடி நூற்றுக்கு நூறு. இரண்டாவது, பிட்ஜி இனத்துக்குக் கூர்ந்த பார்வை என்றொரு பிறவி இயல்பு உண்டு, அதன் குறியை யாரும் குறைக்க முடியாது. அவனும் மண் வீசியிருந்தாலும் என் பறவைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டையும் நான் அவனிடம் சொல்லவில்லை. சண்டை வேண்டாத சாதுப் பறவையின் வித்தையை வைத்து, ஒன்பது வயதுப் பையனை ஒரு முழு ஆட்டத்துக்கும் குருடனாக்கி வைத்திருந்தேன். அவன் கருவியை அணைத்துவிட்டு, "மாமா, தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனான். திரும்ப வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உன் சாரிஸார்ட்டை உள்ள கூப்பிட்டுட்டு வேற ஒண்ணை விட்டிருந்தா மண்ணெல்லாம் போயிருக்கும்டா. நான்தான் சொல்லலை."

அவன் ஒரு கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டான்.

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா ஏன்டா மாத்தலை?"

"அதை உள்ள கூப்பிட்டா சின்னதுங்கள்ல ஒண்ணு வெளிய வரணும்ல? உங்க பறவை ஒரே அடில சாச்சுடும்." பிறகு சற்று யோசித்து, "பட்டாலும் படும்னுதான் அடிச்சுட்டே இருந்தேன்" என்றான்.

கீழே போனதும் இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். ஆடலாம் என்றான். மண் வீச்சை என் பறவையிடமிருந்து எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன். "வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேபிளை எடுத்து வந்து என் கருவியில் சொருகினான்.